‘முகத்துல லட்சுமி களை இல்ல’ என்று சொல்லும் வீட்டில் வளர்ந்த தங்கைக்கு

கேள்வி நீளமானது, அதனால் சாரத்தை மட்டும் முதலில் சொல்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். கேட்டவர் 2004-ல் பிறந்தவர், தர்மபுரியில் தங்கிப் படிக்கிறார். நிறம் கறுப்பு, உடம்பு கொஞ்சம் பருமன், முன்பற்களில் பழுப்புக் கறை. ‘முகத்துல லட்சுமி களையே இல்ல’ என்பது அம்மா அடிக்கடி சொல்லும் வார்த்தை. ஜோசியர் ஒருவர் பூர்வ ஜென்ம பாவம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பரிகாரமாகச் செவ்வாய், வெள்ளி, சஷ்டி என்று விரதம். ‘இளைச்சாலும் நல்லதுதானே’ என்று இவரும் சாப்பிடாமல் இருக்கிறார். முகத்துக்கு ஒரு க்ரீம் போடுகிறார். ஊர்த் திருவிழாவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கடைசியில் இரண்டு கேள்வி: ‘சாமிக்கும் சிவப்பா இருக்கிறவங்களைத்தான் பிடிக்குமா? சாமி கொடுத்த உடம்பை நான் வெறுக்கிறது பாவமா?’

நான் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கல்லூரிப் பிள்ளைகளோடு பல வருடமாகப் பேசிவரும் மனநல ஆலோசகர். தங்கச்சி, உங்கள் இரண்டு கேள்விக்கும் என் பதில் ‘இல்லை’தான். ஆனால் அதை மட்டும் சொல்லி அனுப்பினால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. பல், நிறம், எடை, அம்மாவின் பேச்சு, ஜோசியர் சொன்னது எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

பல்லில் இருந்து தொடங்குகிறேன். நீங்கள் அதிகம் கூசிப்போய் எழுதியிருப்பது அதைப் பற்றித்தான். சிரிப்பு வந்தால் துப்பட்டா தானாக வாய்க்குப் போகிறது என்கிறீர்கள். நான் இதை வகுப்பறை வகுப்பறையாகப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் ஏதோ சொல்லி வகுப்பே சிரிக்கும். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் சிலரின் கை மட்டும் சிரிப்பு வருவதற்கு முன்பே வாய்க்கு மேலே ஏறிவிடும். கண் சிரிக்கும், உதடு மூடியே இருக்கும்.

அந்தக் கறைக்குக் காரணம் நம் பூமிக்கு அடியில் இருக்கும் பாறை. நம் பக்கத்துக் கடினப் பாறைகளில் ஃபுளூரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. மழை குறைவு, ஆற்றுப் பாசனம் குறைவு, ஆகவே போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டுத்தான் குடித்தோம். பாறை இடுக்கில் நெடுநாள் தேங்கிய தண்ணீரில் அந்த ஃபுளூரைடு கரைந்துவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் ஊர்க் கிணறுகளில் பல அதைத் தாண்டியவை. பால் பல் விழுந்து முளைக்கும் பல், முளைப்பதற்குப் பல வருடம் முன்பே ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். முன்பற்களின் எனாமல் நாலைந்து வயதுக்குள் உருவாகிவிடும், கடைவாய்ப் பற்களில் எட்டு வயது வரை போகும். அந்த வயதில் குடித்த தண்ணீர்தான் இன்று உங்கள் பல்லில் தெரிகிறது.

வருடத்தை வைத்துப் பாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரோசிஸ், அதாவது ஃபுளூரைடு அதிகமாகி வரும் பாதிப்பு, அதைக் குறைப்பது என்பது இருக்கிறது. தொடங்கிவைத்தது 2013-ல். அப்போது உங்களுக்கு ஒன்பது வயது. உங்கள் முன்பற்கள் அதற்கு வெகுமுன்பே உருவாகி முடிந்துவிட்டன. ஜோசியர் பூர்வ ஜென்மம் வரைக்கும் போயிருக்க வேண்டாம். காவிரித் தண்ணீர் உங்கள் ஊருக்கு வர ஏழெட்டு வருடம் தாமதம், அவ்வளவுதான் நடந்தது. இதில் நீங்கள் செய்த பாவம் எங்கே இருக்கிறது?

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் தேய்த்தால் போகாது. கரித்தூள், உப்பு, எலுமிச்சை என்று வீடியோ பார்த்துத் தேய்க்கும் பிள்ளைகள் இருக்கும் எனாமலையும் தேய்த்துவிட்டுப் பல் கூச்சத்தோடு வருகிறார்கள். பல் மருத்துவரிடம் வழி இருக்கிறது. லேசான கறையென்றால் மேல் அடுக்கை மிக மெல்லியதாக உரசி எடுப்பார்கள், வெளுக்க வைப்பார்கள். அழுத்தமான கறையென்றால் பல் நிறத்திலேயே பூச்சு வைப்பார்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவில் காட்டி, உங்கள் பல் எந்த நிலை என்று முதலில் கேளுங்கள். செய்துகொள்வதும் கொள்ளாமல் விடுவதும் உங்கள் இஷ்டம். வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், போர்த் தண்ணீரைத் துணி துவைக்கவும் மாட்டுக்கும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் பிடியுங்கள். ஃபுளூரைடு கொதிக்க வைத்தால் போகாது.

சரி, இப்போது லட்சுமி களைக்கு வருவோம்.

அம்மா அதைச் சொல்லும்போது அவர் மனசில் ஒரு படம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பூஜை அலமாரியிலும் அது இருக்கும்: தாமரை மேல் நிற்கும் லட்சுமி, ரோஜா நிறத்து முகம், வட்டக் கன்னம், அளவான உடம்பு, வரிசையான பல். இந்தப் படம் நம் வீடுகளுக்கு வந்தது எப்போது என்று யோசித்திருக்கிறீர்களா? ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான் சாமி படம் வண்ணத்தில் அச்சாகி சாதாரண வீடுகளுக்குள் பெருவாரியாக நுழைந்தது. பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடை காலண்டராக நம் சுவரில் தொங்கின. மிக அழகான படங்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் நூற்றுச் சொச்சம் வருடத்து வழக்கம் அது. அதற்கு முன் உங்கள் பாட்டியின் பாட்டி சாமியைக் கண்ணால் பார்த்தது கோயிலில், எண்ணெய் தடவிய கருங்கல்லில்.

இன்றைக்கும் கருவறையில் நிற்பது கருங்கல்தான். தர்மபுரிக் கோட்டைக் கோயிலுக்குப் போங்கள், தீர்த்தமலைக்குப் போங்கள். பூசாரி தீபத்தைத் தூக்கிக் காட்டும்போது கறுத்த, வழவழத்த முகத்தில் வெளிச்சம் விழும். அந்த நொடியில் கூட்டம் முழுக்க கை தூக்கிக் கும்பிடுகிறதே, ‘கலர் கம்மி’ என்று யாருக்காவது தோன்றுகிறதா?

மதத்தை இங்கே முழுசாகக் காப்பாற்றிவிட நான் முயலவில்லை. லட்சுமியைப் போற்றும் ஸ்ரீசூக்தம் என்ற துதி அவளைப் பொன் நிறத்தவள் என்றுதான் தொடங்குகிறது. சாமுத்திரிகா லட்சணம் என்று கழுத்து, நெற்றி, பாதம் எல்லாவற்றையும் அளந்து பெண்ணின் தலையெழுத்தைச் சொல்லும் சாத்திரம் இருக்கிறது. கோபுரத்தில் அசுரனைச் செய்யும்போது கோரைப்பல், பருத்த வயிறு, கறுத்த உடம்பு என்றுதான் செய்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாவில் அம்மன் வேஷத்துக்குச் சிவந்த பிள்ளை, அசுரன் வேஷத்துக்குக் கறுத்த பிள்ளை என்று டீச்சர் கைகாட்டுவது அங்கிருந்து வருவதுதான். கிருஷ்ண ஜெயந்திக்குக் கார்மேக வண்ணனாக வேஷம் போட்டுப் பரிசு வாங்குவதுகூட பெரும்பாலும் வெளுத்த குழந்தையாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் கறுத்த குழந்தைக்கு இது புரியாது என்று நினைக்கிறோம். நாலு வயதிலேயே புரிந்துவிடுகிறது.

ஆனால் அதே மரபு இன்னொரு பக்கமும் வைத்திருக்கிறது, நாம் அதை வசதியாக மறந்துவிட்டோம். ராமன் கறுப்பு. கண்ணன் கறுப்பு. பாரதத்தில் வேள்வித் தீயில் இருந்து எழுந்து வரும் திரௌபதி கறுப்பு, அவளைப் போல அழகி இல்லை என்று அந்தக் கதையே சொல்கிறது. நம் இரண்டு மாவட்டத்திலும் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் கிடையாது. பாரதக் கூத்து நடக்கும் இரவில் ஒப்பனை நடக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். திரௌபதி வேஷம் கட்டும் கலைஞர் முத்துவெள்ளையில் கொஞ்சம் சிவப்பைக் குழைத்து, கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, காது மடல் வரை இழுத்துப் பூசிக்கொண்டிருப்பார். கதையில் கறுத்தவள் மேடையில் சிவந்து நிற்பாள். அந்தக் கலைஞர் மேல் எனக்குக் குறை இல்லை, லைட் வெளிச்சத்தில் முகம் தெரிய வேண்டும். ஆனால் பார்க்கும் பெண் பிள்ளைக்கு மனசில் எது தங்குகிறது என்பதுதான் என் கவலை.

காவேரிப்பட்டணத்தில் மாசி மாதம் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாக்கைத் துருத்தி, முடியை விரித்து, முகம் முழுக்கச் சாயம் பூசிக் காளி வேஷத்தில் வருபவர் முன்னால் தெருவே கும்பிட்டு நிற்கிறது. அங்காளம்மன் அழகாக இருக்கிறாளா என்ற கேள்வியே அங்கே யாருக்கும் எழுவதில்லை.

‘மூதேவி’ என்று திட்டுகிறோமே, அவளுக்கும் ஒரு காலம் இருந்தது. தவ்வை, ஜேஷ்டை என்ற பெயரில் பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் சிவன் கோயில்களில் அவளுக்குத் தனி இடம் உண்டு. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இன்றும் இருக்கிறாள். பெருத்த வயிறு, தடித்த உதடு, அகன்று உட்கார்ந்த உடம்பு. லட்சுமிக்கு அக்கா முறை. அந்த உடம்பைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்ட ஊர்தான் பிறகு அதையே வசைச் சொல்லாக மாற்றியது. சாமி மாறவில்லை, நம் கண் மாறியது.

ஔவையாரைச் சொல்லாமல் தகடூர்க்காரர்களுக்குப் பதில் எழுத முடியாது; தகடூர் நம் தர்மபுரியின் பழைய பெயர். ஔவை என்றதும் நமக்கு வருவது கோல் ஊன்றிய, பல் விழுந்த கிழவி. கல்யாணத்துக்கு வற்புறுத்தியபோது பிள்ளையாரை வேண்டிக் கிழவி ஆனார் என்ற கதையும் நமக்குத் தெரியும். ஆனால் தகடூரை ஆண்ட அதியமானோடு இருந்த சங்க கால ஔவையார் தன்னைப் பற்றிச் சொல்வதைப் பாருங்கள். புறநானூறு 89-ஆம் பாட்டில், பகை மன்னன் தன்னை மையிட்ட கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் உள்ள விறலியே என்று கூப்பிட்டு, ‘உங்கள் நாட்டில் போர் செய்பவர்களும் இருக்கிறார்களா’ என்று கேட்டதாக அவரே பாடுகிறார். ஆடிப் பாடும் இளம்பெண்ணாகத்தான் அவர் அங்கே நிற்கிறார். பின்னால் வந்த காலம் புத்திசாலிப் பெண்ணை அழகோடு சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் அவரைக் கிழவி ஆக்கிக்கொண்டது என்பது என் எண்ணம். படித்த பெண் என்றால் களையில்லாதவள், களையான பெண் என்றால் வாய் பேசாதவள் என்ற கணக்கு இன்றும் பெண் பார்க்க வரும் வீடுகளில் ஓடுகிறது.

உங்கள் அறைத் தோழிகள் இருவரில் ஒருவர் கிருஷ்ணகிரி முஸ்லிம் பெண், இன்னொருவர் கிறிஸ்தவப் பெண், அவர்கள் வீட்டில் இந்தத் தொல்லை இருக்காது என்று எழுதியிருந்தீர்கள். கேட்டுப் பாருங்கள், இருக்கும். அல்லாஹ் உங்கள் தோற்றத்தையும் செல்வத்தையும் பார்ப்பதில்லை, உள்ளத்தையும் செயலையும் பார்க்கிறான் என்று நபிமொழி இருக்கிறது. ‘நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்’ என்று பைபிளின் உன்னதப்பாட்டில் ஒரு பெண் பேசுகிறாள். இவ்வளவு இருந்தும் மூன்று மதத்திலும் மாப்பிள்ளை வீட்டார் கேட்பது ‘பொண்ணு என்ன கலர்’ என்றுதான். வெயிலில் நின்று வேலை செய்யாத வீட்டுப் பெண், வசதியான வீட்டுப் பெண், மேல் சாதிப் பெண் என்பதற்கெல்லாம் நிறத்தை அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அந்தக் கணக்குக்கு ஒவ்வொருவரும் அவரவர் சாமியின் பெயரை வைத்துக்கொண்டார்கள். அம்மா ‘லட்சுமி களை’ என்று சொல்வது பக்திப் பேச்சாகக் காதில் விழுகிறது. உள்ளே இருப்பது வரன் அமையுமா என்ற பயம்.

இனி விரதம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசப் போகிறேன்.

விரதம் நல்ல பழக்கம். நானும் இருக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது வேறு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு வேளைச் சாப்பாடு, மற்ற நாளில் ‘பசிக்கல’ என்று களியில் பாதியை ஒதுக்கிவைப்பது, விரதம் முடிந்த காலையில் மெடிக்கல் கடை எடை மிஷினில் ஏறிப் பார்ப்பது, எடை குறையவில்லை என்றால் இன்னொரு நாளைச் சேர்த்துக்கொள்வது. எடை மிஷினில் முடிகிற விரதத்துக்குச் சாமியோடு சம்பந்தம் இல்லை. பக்தி என்ற பெயர் இருப்பதால் வீட்டில் யாரும் ‘ஏன் சாப்பிடல’ என்று கேட்க மாட்டார்கள், அதுதான் இதில் ஆபத்து. இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. இத்தாலியில் சியன்னா நகரத்துக் கேத்தரின் என்ற கிறிஸ்தவப் புனிதை உணவை ஒதுக்கி ஒதுக்கி 1380-ல் 33 வயதிலேயே இறந்துபோனார். பக்திக்குள் ஒளிந்துகொள்ளும் பட்டினியைப் பற்றி மருத்துவர்களும் வரலாற்று ஆசிரியர்களும் இன்றும் அவரை வைத்துப் பேசுகிறார்கள்.

காரைக்கால் அம்மையாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அழகான உடம்பை உதறிப் பேய் உருவம் கேட்டாரே, நானும் அப்படி விட்டுவிடுகிறேன் என்று. அம்மையார் எனக்கு மிகவும் வேண்டியவர். சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையில் எலும்பும் தோலுமாக அவர் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நின்று கும்பிடுவேன். ஆனால் அவர் உதறியது, அழகைக் காரணமாக வைத்துத் தன்னைக் கட்டிப்போட்ட வாழ்க்கையை. அவர் யாருக்கும் பிடிக்க வேண்டும் என்று இளைக்கவில்லை. நீங்கள் இளைப்பது பெண் பார்க்க வருபவர்களுக்காக. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கழுத்தின் பின்பக்கம் கறுத்து, தடித்து, நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று இன்னொரு வரி. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான இரண்டு வரி இவைதான். கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் அழுக்கு கிடையாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோலில் இப்படித் தெரியும். அதோடு எடை கூடுவதும் மாதவிடாய் தள்ளுவதும் சேர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். பட்டினி கிடந்தாலும் மாதவிடாய் தள்ளும், ஆகவே எத்தனை நாள் சாப்பிடாமல் இருக்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் கழுத்தைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். நாரைத் தூக்கிப் போடுங்கள்.

காரணம் தெரியும் வரை விரதத்தை நிறுத்திவையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளுமா என்று பயப்பட வேண்டாம். உடம்பு முடியாதவர்களுக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்பது எல்லா மதத்திலும் இருக்கும் நியாயம்தான், ரமலான் நோன்பில்கூட நோயாளிகளுக்கு விலக்கு சொல்லப்பட்டிருக்கிறது. அம்மாவுக்குச் சமாதானம் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுங்கள், பூ வையுங்கள், சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள்.

க்ரீம் விஷயம். பெயர் சொல்லவில்லை, கடைக்காரர் கொடுத்தார், ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆனது, இப்போது வெயில் பட்டால் எரிகிறது, கன்னத்தில் பூனைமுடி வருகிறது, போடாமல் விட்டால் சிவந்து பரு கிளம்புகிறது என்கிறீர்கள். இது ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் இவற்றில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். படை, அரிப்பு மாதிரி நோய்களுக்கு டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போட வேண்டிய மருந்து அது. முகத்துக்கு மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது, ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், முகம் இன்னும் சிவந்து பயமுறுத்தும். ட்யூபை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், படிப்படியாக நிறுத்த வைப்பார்.

உங்கள் தோலின் கறுப்பு மெலனின். சூரியனின் புற ஊதாக் கதிரை அது தடுக்கிறது. நம் ஊர் வெயிலில் தலைமுறை தலைமுறையாக நிலத்தில் நின்றவர்களின் தோல் அது. சிவப்பழகு க்ரீம் விளம்பரம் இந்தியாவுக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1975-ல் வந்த மிகப் பிரபலமான க்ரீம் 2020-ல் தன் பெயரில் இருந்த ‘சிவப்பு’ என்ற பொருள் தரும் வார்த்தையையே எடுத்துவிட்டது. விற்றவர்களே பெயரை மாற்றிக்கொண்டார்கள், நாம்தான் இன்னும் பேச்சை மாற்றவில்லை.

ஆண் பிள்ளைகளுக்கும் இது உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முனியப்பன் சிலை அளவுக்கு நெஞ்சும் மீசையும் வேண்டும் என்று ஜிம்மில் விற்கும் அடையாளம் தெரியாத பவுடரைக் கரைத்துக் குடிப்பது, தலைமுடி கொட்டுவதால் கல்லூரிக்கே வராமல் இருப்பது எல்லாம் நடக்கிறது. உங்கள் தம்பியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவனோடு தனியாகப் பேசுங்கள், கிண்டல் மட்டும் செய்யாதீர்கள்.

உங்கள் மனசு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணாடி முன்னாலோ போன் கேமரா முன்னாலோ தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா? ஆட்கள் பார்ப்பார்கள் என்று வகுப்புக்கோ பஸ்ஸுக்கோ போகாமல் இருக்கிறீர்களா? மற்றவர்கள் ‘ஒண்ணும் தெரியல’ என்று சொன்னாலும் அந்தக் குறையிலேயே நினைப்பு சுற்றுகிறதா? அப்படியென்றால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது, அதுவும் நன்றாகவே பலன் தருகிறது. நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு இது நோய் என்று சொல்லும் அளவில் வருகிறது, பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது. 14416 என்ற டெலிமானஸ் (மத்திய அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணும் உண்டு. இருந்து என்ன பிரயோஜனம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கூப்பிடுங்கள், பக்கத்து அறைத் தோழியை எழுப்பிச் சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் பைத்தியம் என்று பெயர் வந்துவிடும் என்று அம்மா பயந்தால், தைராய்டு பார்க்கப் போகிற அன்றே அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக அம்மா. அவரை எதிரியாக வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. அவருக்கும் யாரோ இதே வார்த்தையைச் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். சண்டை நடக்கும்போது பேசாதீர்கள், அடுப்படியில் இருவரும் வேலையாக இருக்கும்போது பேசுங்கள். நீளமாக வேண்டாம். ‘அம்மா, நீ களையில்லன்னு சொல்றப்போ எனக்குக் கோயிலுக்குப் போகவே கூச்சமா இருக்கு. அதைச் சொல்றதை மட்டும் விட்டுடு’ என்று அவருக்குப் புரியும்படி ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். பல் எப்படி இப்படி ஆனது என்று ஃபுளூரைடு கதையையும் சொல்லுங்கள். நிறைய அம்மாக்கள் அதைக் கேட்டதும் அழுதுவிடுகிறார்கள். இத்தனை வருடமும் தான் ஏதோ தப்பாக வளர்த்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அம்மாவின் பல்லிலும் அதே கறை இருந்தால் அவரையும் பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

திருவிழாவுக்குப் போவது உங்கள் இஷ்டம். முழு நாளும் இருக்க வேண்டியதில்லை. மாவிளக்கு எடுக்கும் நேரத்துக்கு மட்டும் உங்களுக்குப் பிடித்த ஒரு சித்தியோடோ தோழியோடோ போய்விட்டு வாருங்கள். ‘என்னடி இப்படி ஊதிட்ட’ என்று யாராவது கேட்டால், ‘நல்லா இருக்கேன் அத்தை, நீங்க எப்படி இருக்கீங்க’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், விளக்கம் சொல்ல வேண்டாம்.

தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள், வாயை மூடிக்கொண்டு சிரி என்று அன்றைக்குச் சொல்ல வேண்டாம், நான் எப்போதும் போலத்தான் சிரிப்பேன் என்று. வருகிறவர்கள் காரிமங்கலம் பக்கம் என்கிறீர்கள். அங்கேயும் இதே பாறை, இதே போர்த் தண்ணீர்தான். அவர்கள் வீட்டிலும் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.